கழுத்துக் கொக்கி மாட்டாத நாளிலிருந்து: தைராய்டு ரிப்போர்ட்டை ஒரு டெய்லர் படிக்கும் விதம்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அடுத்தவர் கழுத்தின் மேல்தான் கண். முன் கழுத்து இறக்கம் எவ்வளவு, பின் கழுத்து எவ்வளவு, தோள் சரிவா நேரா என்று பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவளைக்கூட டேப் இல்லாமல் அளந்துவிடுவேன். என் கழுத்து வீங்கியது மட்டும் எனக்குத் தெரியவில்லை. காலர் வைத்த சுடிதார் ஒன்றை எனக்கே தைத்துப் போட்டேன். மேல் கொக்கி மாட்டவில்லை. அளவைத் தப்பாக எடுத்துவிட்டேன் என்று நினைத்துப் பிரித்துத் தைத்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ரெண்டு மெஷின். 26 வருடமாக இதே தொழில். அதில் கடைசி 11 வருடம் தைராய்டு மாத்திரையோடு.

போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தாள். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம். துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு போனை நீட்டினாள். ரிப்போர்ட். டி.எஸ்.எச். 5.8. ஃப்ரீ டி4 சரியான அளவில். அதற்குக் கீழே ஆன்ட்டி டி.பி.ஓ. 640, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு.

"அக்கா, நெட்ல பாத்தா உடம்பே உடம்பத் தின்னுதுன்னு போட்டுக்குது. இன்னாக்கா இது, பேஜாராக் கீது."

மெஷினை நிறுத்திவிட்டு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. யாருக்கும் டோஸ் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்து நடுங்காமல், டாக்டர் முன்னால் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்க எது வேண்டுமோ அது மட்டும்.

மாஸ்டரும் டெய்லரும்

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைத்தேன். அங்கே ஒரு மாஸ்டர். நாங்கள் வேகமாகத் தைத்தால் அவர் வாயே திறக்க மாட்டார். பீஸ் குறையக் குறையக் குரல் ஏறும். கடைசியில் ரோடு வரைக்கும் கேட்கும்.

டி.எஸ்.எச். என்பது அந்த மாஸ்டரின் குரல். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் மாஸ்டர். தைக்கிற ஆள் தைராய்டு: கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். மொத்தமே 15 முதல் 20 கிராம்தான். அது தைத்து அனுப்பும் பீஸ்தான் டி4, டி3. நாலு அயோடின் அணு கோத்தது டி4, மூன்று கோத்தது டி3. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, குடலின் வேகம், முடி, தோல், மாதவிடாய் எல்லாம் இந்தப் பீஸ் நேரத்துக்கு வருவதைப் பொறுத்தது.

இதிலிருந்து ஒன்று நன்றாக மனதில் ஏற வேண்டும். டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு வேலை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். மாஸ்டர் கத்துகிறார் என்றால் டெய்லர் தைக்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் சொல்கிறார்கள். "எனக்குத் தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு, பத்துக்கு மேல போயிடுச்சு" என்பார்கள். இல்லை தாயே, உனக்குக் குறைந்துபோயிருக்கிறது.

சரி, டெய்லர் ஏன் தைக்கவில்லை? சோம்பேறித்தனம் இல்லை. வாசலில் நிற்கிற வாட்ச்மேன், திருடனைப் பிடிக்க வேண்டியவன், சொந்தக் கடை டெய்லரையே திருடன் என்று நினைத்துத் தினம் ரெண்டு அடி போடுகிறான். கிருமியை எதிர்க்க வேண்டிய ரத்த அணுக்கள் தைராய்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் கழுத்து வீங்கலாம். வலி பெரும்பாலும் இருக்காது. அயோடினைக் கோத்து டி4 செய்ய ஒரு புரதம் வேண்டும், அதன் பெயர்தான் டி.பி.ஓ. அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஆன்ட்டிபாடி என்ற பொருள்தான் ஆன்ட்டி டி.பி.ஓ. ரிப்போர்ட்டில் அது கூடியிருந்தால் வாட்ச்மேனுக்குப் புத்தி மாறியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இந்த நோய்க்குப் பெயர் ஹாஷிமோட்டோ. அது உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்காவது ஆன்ட்டி டி.பி.ஓ. ரத்தத்தில் தெரியும்.

ஹாஷிமோட்டோ என்பது ஒரு ஜப்பானிய அறுவை மருத்துவரின் பெயர். 1912-ல் நாலு நோயாளிகளின் தைராய்டை ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதினார். நாலு பேரும் பெண்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இன்றைக்கும் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது பல மடங்கு. உடம்பே தன் தைராய்டுக்கு எதிராக ஆன்ட்டிபாடி செய்கிறது என்பது 1956-ல்தான் தெரியவந்தது. இடையில் 44 வருடம். ஒரு வாரத்தில் நமக்குப் புரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த எண்ணை முதலில் பார்ப்பது

எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 640 என்றதும் நெஞ்சு அடைக்கிறது. அதைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் டி.எஸ்.எச். கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4.5 வரை சரி என்று பல லேபிலும் போடுவார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவைப் பாருங்கள். அடுத்தது ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் சுற்றும் டி4. டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 இறங்கியிருந்தால் கதை தெளிவு: மாத்திரை வேண்டும். டி.எஸ்.எச். கொஞ்சம் மட்டும் ஏறி, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அது இடைப்பட்ட நிலை. ரெண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தொடங்குவார்கள். பத்துக்குள் என்றால் வயது, தொந்தரவு, ஆன்ட்டிபாடி, குழந்தைக்கு முயற்சிக்கிறார்களா என்று பார்த்து முடிவு செய்வார்கள். வயதானவர்களுக்கு டி.எஸ்.எச். தானாகவே கொஞ்சம் ஏறும். எழுபது வயது மாமியாரின் 6-ஐப் பார்த்து அலற வேண்டாம்.

ஆன்ட்டி டி.பி.ஓ. மட்டும் ஏறி மற்றதெல்லாம் சரி என்றால் பொதுவாக மாத்திரை கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்தால் போதும். 640 என்பதால் 200-ஐவிட மூன்று மடங்கு நோய் என்று இல்லை. டோஸை முடிவு செய்வதும் அந்த எண் இல்லை. அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பது வீண் செலவு. எடுத்தவள் நான், சொல்கிறேன்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்லுங்கள். பல லேப்களின் சோதனை முறையில் பயோட்டின் குறுக்கே நின்று டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத நோய் பேப்பரில் வந்துவிடும். குறைந்தது ரெண்டு நாள் முன்னால் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டு குறைந்தாலே முடி கொட்டும், முடி கொட்டினால் பயோட்டின் வாங்குவோம். இந்தச் சிக்கலில் மாட்டாத ஆளை நான் பார்த்ததே கம்மி.

எதிர்த்திசைக்காரன்

இதே குடும்பத்தில் இன்னொருவன், கிரேவ்ஸ் நோய். 1835-ல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற டாக்டர் எழுதியது. இங்கே வாட்ச்மேன் அடிப்பதில்லை. மாஸ்டர் குரலில் போன் போட்டு "தை, தை" என்கிறான். டெய்லர் நம்பி ராப்பகலாகத் தைக்கிறான். பீஸ் குவிந்ததும் உண்மையான மாஸ்டர் வாயை மூடிக்கொள்கிறார். அதனால் டி.எஸ்.எச். தரையில், டி4 மேலே. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்குக் கண் பிதுங்கும். புகைப்பவர்களுக்குக் கண் தொந்தரவு இன்னும் மோசமாகும்.

இதற்கு மருந்து வேறு, கார்பிமசோல் கொடுப்பார்கள். அதைப் போடுகிறவர்களுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாக அந்த மாத்திரை அதைக் கீழே தள்ளிவிடும்.

"தைராய்டு" என்று ஒரே வார்த்தையில் ரெண்டு பேரும் பேசிக்கொண்டு ஒருவர் மாத்திரையை ஒருவர் வாங்கிப் போட்டதை என் கடை பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். உங்களுடையது எது என்று பெயரோடு தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எப்படி வந்தது

முதலில் விரல். வலது கை கட்டை விரலும் பக்கத்து ரெண்டு விரலும் ராத்திரியில் மரத்துப்போகும். உதறினால் சரியாகும். கத்தரி பிடித்துப் பிடித்து வந்தது என்று நினைத்தேன். கடைக்கு வரும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தைராய்டு குறையும்போது மணிக்கட்டுக்குள் திசு வீங்கி நரம்பை அழுத்தும் என்று அப்போது எனக்கு யார் சொல்வார்கள்? பிறகு குரல் கரகரத்தது. மலச்சிக்கல். முகம் காலையில் உப்பியிருக்கும். மாதவிடாய் பத்து நாள் நீண்டு கொட்டியது. காஜா எடுத்த இடத்திலேயே மறுபடி காஜா எடுப்பேன், அவ்வளவு மறதி.

அந்த வருடம் அக்னி நட்சத்திரத்தில், வண்ணாரப்பேட்டையே தார் மாதிரி உருகும் மத்தியானத்தில், ஃபேனை நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "உனக்கு என்னமோ ஆயிருக்கு" என்று முதலில் சொன்னது அவர்தான், எந்த டாக்டரும் இல்லை. டி.எஸ்.எச். 48 வந்தது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. தைராய்டு குறைந்தால் எடை ஏறும், ஆனால் பெரும்பாலும் ரெண்டு கிலோவிலிருந்து நாலைந்து கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். இருபது கிலோவைத் தைராய்டு தலையில் கட்டாதீர்கள். எடை குறைய மாத்திரையைக் கூட்டிப் போடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கூடினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும். வேண்டாம்.

மாத்திரையைச் சுற்றி இருக்கும் ஒரு மணி நேரம்

நான் சொல்ல வந்ததே இதுதான்.

லீவோதைராக்சின் மாத்திரை வாட்ச்மேனைத் திருத்தாது. அதற்கு இன்றைக்கு மருந்து இல்லை. டெய்லர் தைக்காத பீஸை வெளியிலிருந்து வாங்கி வைக்கிறோம், அவ்வளவுதான். உடம்பு செய்யும் அதே டி4. அதனால் "நார்மல் வந்திடுச்சு" என்று நிறுத்தினால், நார்மல் வந்ததே அதனால்தானே? நானும் ஒரு தீபாவளி சீசனில் ராத்திரியெல்லாம் தைத்த மும்முரத்தில் விட்டேன். பொங்கலுக்குள் முகம் உப்பி, பழையபடி ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு வேறு. ரத்தம் அதிகம் போனதால் எனக்கு ஹீமோகுளோபின் 8-க்கு வந்திருந்தது. ஒரு கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஆறரை மணிக்கு டீயோடு தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை ரெண்டையும் ஒரே மடக்கில் விழுங்கினேன். எட்டு மாதம். டோஸ் 25-ல் தொடங்கி 50, 75, 100 மைக்ரோகிராம் என்று ஏறிக்கொண்டே போனது, டி.எஸ்.எச். 14-க்குக் கீழே இறங்கவில்லை. ரெண்டையும் எப்போது போடுகிறாய் என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. கேட்டது தெருமுனை மெடிக்கல் ஷாப் பையன். இரும்பு குடலிலேயே தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே விடாது என்றான். இரும்பை ராத்திரிக்கு மாற்றினேன். ரெண்டே மாதத்தில் 100 எனக்கு அதிகமாகி நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது, 75-க்கு இறக்கினார்கள். இன்றைக்கும் 75தான்.

அதனால் டோஸைக் கூட்டும் முன் இதைச் சரிபாருங்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் டீ, காபி, பால், நாஷ்டா எதுவும் இல்லை. இரும்பு, கால்சியம், சில வகை அல்சர் மருந்து எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. வாயுத் தொல்லைக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்; வயிற்றில் அமிலம் குறைந்தால் இதுவும் சரியாகச் சேராது.

எனக்கு நேரம் நினைவில் நிற்காது. ஆகவே அடிபம்போடு கட்டிவிட்டேன். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் குடத்தைத் தூக்கும் முன் மாத்திரை. தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, டீ போடும்போது ஆறேகால் ஆகிவிடும். காலை சரிப்படாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்யும். எனக்கு பர்தா தைக்கக் கொடுக்கும் மண்ணடிப் பாட்டி ஒருவர் ரம்ஜான் மாதம் முழுவதும் டாக்டரைக் கேட்டு அப்படித்தான் போடுகிறார். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பது முக்கியம்.

ஒரு நாள் மறந்தால் குடி முழுகாது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். நினைவு வந்ததும் வெறும் வயிறாக இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம். அதே காரணத்தால்தான் டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். பத்தாம் நாள் லேபுக்கு ஓடினால் பழைய கணக்குத்தான் வரும். ரத்தம் கொடுக்கும் அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முடிந்தவரை அதே லேப், அதே காலை நேரம். மாத்திரையின் கம்பெனி பெயர் மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டப்பாவை அடுப்படியில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் அலமாரி என்றாலே அடுப்புக்கு மேலேதான். சூடும் ஈரமும் இதற்கு ஆகாது. என்னுடையது நூல்கண்டு வைக்கும் டிராயரில் இருக்கிறது.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இது. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் காசு இல்லாமலும் பார்க்கலாம். ஒரு நாள் கூலி போகும், டோக்கனுக்கு முன்கூட்டியே போங்கள்.

மீன், உப்பு, முட்டைகோஸ்

காசிமேட்டு மீனை விடச் சொல்கிறார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. சங்கராவும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடுங்கள். முட்டைகோஸை வேகவைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பும் சாதாரணமாகப் போடும் அளவே போதும். இது அயோடின் குறைந்து வந்த வீக்கம் இல்லை. அதனால் அயோடினைக் கொட்டிச் சரிசெய்ய முடியாது. சொல்லப்போனால் அதிகமான அயோடின் ஹாஷிமோட்டோவை மோசமாக்கும். "தைராய்டைக் கரைக்கும்" என்று விற்கும் பொடிகளில் கடல்பாசி இருந்தால் அதில் அயோடின் அளவுக்கு மேல் இருக்கும். நானும் ஒரு டப்பா வாங்கி ஏமாந்தவள்தான், மேலே பேசவில்லை.

வயிற்றில் பிள்ளை இருந்தால்

இங்கே மட்டும் அவசரம் உண்டு. முதல் மூன்று மாதத்தில் குழந்தை தனக்கு வேண்டிய டி4-ஐத் தானே செய்துகொள்ளாது, தாயுடையதைத்தான் எடுத்துக்கொள்ளும். தாயின் தேவை கால்பங்கிலிருந்து பாதி வரை கூடும். மாத்திரையில் இருக்கும்போதே நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் தெரிந்துவிட்டால், அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பலருக்கு வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது போடச் சொல்வார்கள். பிறகு பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம். "வயித்துல புள்ள இருக்கு, மாத்திரை வேணாம்" என்று நிறுத்தச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. என் மகள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பதிவு செய்தபோது என் சித்தி அதைத்தான் சொன்னாள். இந்த மாத்திரை பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, நிறுத்துவதுதான் கெடுதல்.

பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் தைராய்டு முதலில் எகிறி, பிறகு தொப்பென்று விழுவதும் உண்டு. ஆன்ட்டி டி.பி.ஓ. இருப்பவர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். பச்சை உடம்புக்காரி அசதியாக, அழுதுகொண்டே இருந்தால் "பால் குடுக்குற அசதி" என்று விட்டுவிடாமல் ஒரு டி.எஸ்.எச். பாருங்கள்.

கழுத்து வீக்கம் சில வாரத்திலேயே வேகமாகப் பெரிதானால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் உடனே காட்டுங்கள். மாத்திரையை நெடுநாள் விட்ட வயதானவர் குளிர்ந்துபோய், குழப்பமாக, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் அது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நேரம். அம்மா, அக்கா, தங்கைக்கும் இது வரலாம் என்பதால் அவர்களையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டைப் பெண்ணிடம் அன்றைக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: டாக்டரிடம் 640-ஐப் பற்றிக் கேட்காதே, குழந்தைக்கு முயற்சிக்கிறோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல். அதைச் சொல்லாவிட்டால் 5.8-ஐ மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடலாம். சொன்னால் அதே எண்ணை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

நேற்று ஜாக்கெட் வாங்க வந்தாள். 25 மைக்ரோகிராம் தொடங்கியிருக்கிறார்கள்.

"அக்கா, எத்தினி மணிக்குப் போடுறதுன்னு தெரியல. காலைல எழுந்தா டீ இல்லாம முடியாது."

"உங்க தெருவுல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன்.